ஜெயிலைக் காட்டினால் புள்ளை திருந்துமா?
ஐஸ் போதைக்குப் பயந்து, தரம் 9 பொடியன்மாரை ஜெயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் இது அமெரிக்காவில் செய்து தோற்ற வேலை. 1978இல் நியூ ஜெர்ஸி ராவே சிறையில் கைதிகள் பொடியன்மாரை மிரட்டியதைப் படமெடுத்தார்கள். ஒஸ்காரும் கிடைத்தது, ஊரும் நம்பியது.

சீட்டுக் குலுக்கி, ஒரு பகுதியைச் சிறைக்கு அனுப்பி, மற்றப் பகுதியை விட்டுவிட்டு ஒப்பிட்ட 9 ஆய்வுகளைப் பிறகு திரட்டினார்கள். போய்வந்தவர்களே கூடுதலாகக் குற்றம் செய்திருந்தார்கள்! ஏன் குலுக்க வேண்டும்? இல்லாவிட்டால் சொல்வழி கேட்கிற புள்ளையையே கூட்டிப்போய், "பாருங்க, திருந்திட்டான்" என்போம்.

"புள்ளைகளை வைத்துச் சோதனையா?" என்று கேட்கும் ஹாஜிமாரே, ஒரு வகுப்பையே பஸ்ஸில் ஏற்றுவது மட்டும் என்ன? அதுவும் சோதனைதான், கணக்குப் பார்க்காத சோதனை.

ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டமாம். வருவேன். என் வகுப்புப் பெயர்ப்பட்டியலைத் தரமாட்டேன்.