துப்பாக்கிச் சட்டத்தில் யார் குடும்பம்?

துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்பது அவசியம்தான். ஆனால் யாருக்கு விலக்கு தருவது என்பதில்தான் சிக்கலே.

2013 ஏப்ரலில் அமெரிக்க செனட்டுக்கு மான்சின்-டூமி திருத்தம் வந்தது. துப்பாக்கிக் கண்காட்சியிலும், விளம்பரம் கொடுத்தும் விற்றால் சோதனை கட்டாயம். கணவன்-மனைவி, பெற்றோர்-பிள்ளை போன்ற உறவுக்குள் கைமாறினால் வேண்டாம் என்றது.

கேட்பதற்கு நியாயம்தான். ஆனால் 1996-ல் வந்த திருமணப் பாதுகாப்புச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. அதன்படி, மத்தியச் சட்டங்களில் 'வாழ்க்கைத்துணை' என்றால் எதிர்பாலினத்தவர் மட்டுமே. மாசசூசெட்ஸில் 2004 முதல் ஒருபால் திருமணம் செல்லும். அங்கே முறைப்படி மணந்துகொண்ட இரண்டு பெண்கள் இந்த விலக்கின்முன் யாரோ எவரோ!

54-46 வாக்கு பெற்றும், தேவையான 60 கிடைக்காததால் திருத்தம் தோற்றது. அந்த ஜூனிலேயே உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ரத்து செய்தது. 2015-ல் நாடு முழுக்க ஒருபால் திருமண உரிமையும் வந்தது.

அதற்கு முன்பே, 2014-ல், வாஷிங்டன் மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம், குடும்பத்துக்குள் பரிசாகத் தரும் துப்பாக்கிக்கு விலக்கு அளித்தது. அந்தப் பட்டியலில் வாழ்க்கைத்துணையோடு, மணமாகாத இல்லத்துணையும் உண்டு. கூடுதலாக ஒரே ஒரு சொல், அவ்வளவுதான்!

விலக்கே கூடாது என்று வாதிடலாம், தப்பில்லை. கொடுப்பதென்றால் எல்லாக் குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டும். அதுதானே நியாயம்?