பட்டமேற்படிப்பு அனுமதி: தகைமையா, தடையா?

பல்கலைக்கழகம் ஒன்றின் தரத்தை அதன் வாயிலிற் கணிப்பதா, அது ஆக்கியளிக்கும் அறிவிற் கணிப்பதா என்னும் வினா நம் நாட்டில் உரிய முறையில் எழுப்பப்படாமலே இருந்து வருகின்றது. இளமாணிப் படிப்புக்கான அனுமதி பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓயாது வாதிட்டு வரும் நாம், பட்டமேற்படிப்புக்கான அனுமதி பற்றி ஏறத்தாழ மௌனமே சாதிக்கின்றோம். முன்னையது ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் குடும்பங்களைப் பாதிப்பது, பின்னையது ஒரு சிலரை மட்டுமே தொடுவது என இம்மௌனத்துக்குச் சமாதானம் கூறப்படலாம். ஆயின் நாளை நமக்கு யார் விரிவுரையாற்றுவர், எப்பிரதேசத்தின் வரலாறு எழுதப்படும், எக்கிராமத்தின் வழக்காறு ஆவணமாகும் என்பனவற்றைத் தீர்மானிப்பது அச்சிலருக்குத் திறக்கும் கதவேயாகும். அக்கதவின் விதிகள் திருத்தப்படல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவ்விதிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை முதலில் நோக்குவோம். நமது கலைப்பீடங்களில் மாணவர் ஒருவர் சிறப்புப்பட்டத்துக்குச் செல்வாரா, பொதுப்பட்டத்துடன் அமைவாரா என்பது பெரும்பாலும் முதலாம் வருடப் பரீட்சைப் பெறுபேற்றாலேயே முடிவாகின்றது. பொதுப்பட்டம் மூன்றாண்டுக்குரியது, சிறப்புப்பட்டம் நான்காண்டுக்குரியது. 2012இல் அறிமுகமாகி 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம் முன்னையதை 5ஆம் மட்டத்திலும் பின்னையதை 6ஆம் மட்டத்திலும் வைக்கின்றது. முதுதத்துவமாணி 11ஆம் மட்டத்தது. கலாநிதி 12ஆம் மட்டத்தது. முதுதத்துவமாணி ஆய்வுக்கு நேரடியாகப் பதிவு செய்ய விரும்புவோரிடம் உரிய பாடத்திற் சிறப்புப்பட்டமும், அதிலும் குறித்ததொரு வகுப்புச் சித்தியும் கேட்பதே பொதுவழக்கு. ஆகவே, ஒருவர் இருபத்தொரு வயதளவில் எழுதிய சில வினாத்தாள்கள், அவர் முப்பத்தைந்து வயதில் ஆய்வாளர் ஆகலாமா என்பதற்கும் சேர்த்தே விடையளித்து விடுகின்றன. எந்தப் பரீட்சகரும் அவ்விடைத்தாள்களை அந்நோக்குடன் திருத்தியிருக்க மாட்டார்.

பொதுப்பட்டதாரி முதுகலைமாணிப் பாடநெறியைக் கற்று அதன் வழியே மேலேறலாமே என்பர். ஏறலாம், ஆனால் அப்படிக்கட்டுக்குக் கட்டணம் உண்டு. கன்னங்கராவின் பெயரோடு இணைந்து 1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, இளமாணிப் பட்டத்துடன் நம்மிடம் விடைபெற்று விடுகின்றது. அதற்கு மேற்பட்ட பாடநெறிகள் பெரும்பாலும் கட்டணத்துக்குரியவை. இவ்வாறு வகுப்புச் சித்தி என்னும் கல்வித்தடை, கைப்பொருள் அற்றவருக்குப் பொருளாதாரத் தடையாக உருமாறுகின்றது. வசதியுள்ளவர் சுற்றுவழியாலேனும் வந்து சேர, ஏனையோர் வெளியே நிற்கின்றனர். இதனைத் திறமையின் தெரிவு என்று கூறுதல் பொருந்துமா?

முதலாம் வருடப் பெறுபேறு எதனை அளக்கின்றது என்பதும் சிந்தனைக்குரியது. நல்ல நூலகமும் நிலையான ஆசிரியரும் வாய்த்த நகரப் பாடசாலையிலிருந்து வருபவரும், வன்னியிலிருந்தோ மலையகத் தோட்டமொன்றிலிருந்தோ வருபவரும் அவ்வாண்டில் ஒரே மண்டபத்தில் அமர்கின்றனர். பின்னவர் புதிய கல்விமுறைக்கும் ஆங்கில நூல்களுக்கும் பழகி முடிப்பதற்குள் ஆண்டு முடிந்து விடுகின்றது. இவ்வேற்றுமை அரசு அறியாததன்று. இளமாணி அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீடு என்னும் முறையின் அடிப்படையே இவ்வேற்றுமையை ஏற்றுக்கொண்டதுதான். முதற் கதவில் இடர்ப்பாட்டைக் கணக்கில் எடுக்கும் அமைப்பு, ஓராண்டின் பின் அவ்விடர்ப்பாடு முற்றாக மறைந்து விட்டதென எந்த ஆதாரத்தைக் கொண்டு முடிவு செய்தது?

அனுமதி விதிகள் அனைத்தும் நடுநிலையானவை என நம்புவோர் நமது அண்மைக்கால வரலாற்றை மறந்தவர்கள். 1970ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறல் வேண்டுமென நிர்ணயிக்கப்பட்டது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அன்று வாய்ப்பு மிகுந்ததாகக் காட்டப்பட்ட யாழ்ப்பாணம் பின்னாளிற் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களுக்குத் தோற்றியோரை ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணிக்கப்பட்டதையும், 2012இல் உயர்நீதிமன்றம் அக்கணிப்பை ஏற்க மறுத்ததையும் நாம் அறிவோம். விதியை இயற்றுபவர் மனிதர். அதனால் எவர் உள்ளே வருவர், எவர் வெளியே நிற்பர் என்பதற்கு அவர்களே பொறுப்பாளிகள். மூதவைகள் இயற்றும் பட்டமேற்படிப்பு விதிகளும் இதற்கு விலக்கல்ல.

‘உரிய பாடத்திற் சிறப்புப்பட்டம்’ என்னும் நிபந்தனையைச் சற்றே உரசிப் பார்ப்போம். 1942இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவர் பெற்ற பட்டம் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டம். தமிழில் அவர் பெற்ற தகைமை மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் சித்தி. இன்றைய விதிப்படி, அவர் ஒருகாலத்தில் தலைமைதாங்கிய துறையிலேயே ஆய்வு மாணவராகப் பதிவு செய்வதற்கு அவரது விண்ணப்பம் முதற் சல்லடையிலேயே கழிந்து போயிருக்கும். அவரது கணித, விஞ்ஞான அறிவு தமிழாய்வுக்குப் புறம்பானது என எந்த விண்ணப்பக் குழு கூறியிருக்குமோ, அந்த அறிவே 1947இல் வெளிவந்த யாழ்நூலின் முதுகெலும்பாக அமைந்தது. விபுலாநந்தர் விதிவிலக்கான மேதை என்று இதற்கு மறுமொழி கூறுவர். மெய்தான். ஆனால் மேதையை இனங்காண இயலாத விதி, சாதாரண திறமையாளனை மட்டும் எவ்வாறு இனங்காணும்?

வகுப்புச் சித்தியைத் தளர்த்தினால் தரம் வீழ்ந்துவிடும் என்பதே எதிர்த்தரப்பாரின் தலையாய வாதம். இதனை ஏளனஞ் செய்து ஒதுக்குதல் தகாது. சிறப்புப்பட்ட மாணவர் இறுதி வருடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதிப் பயிற்சி பெறுகின்றார். பொதுப்பட்டதாரிக்கு அப்பயிற்சி பெரும்பாலும் வாய்ப்பதில்லை. இக்குறை உண்மையானது. ஆயின் பயிற்சிக் குறைக்கு மருந்து பயிற்சியே, கதவடைப்பன்று. ஆய்வின் தரத்தைக் காப்பவை ஆற்றலுள்ள மேற்பார்வை, இடைக்கால மதிப்பீடு, வெளிப்பரீட்சகரின் நேர்மை, வாய்மொழிப் பரீட்சையின் கடுமை என்பன. வெளிவாயிலிற் கண்டிப்பைத் தளரவிட்டு உள்வாயிலில் மட்டும் கண்டிப்புக் காட்டும் நிறுவனத்தில் முதலாம் வகுப்பினரும் நலிந்த ஆய்வேடுகளையே எழுதுவர்.

மேற்பார்வையாளர் போதாமை என்பது இன்னொரு தடை. இதுவும் உண்மை. அவ்வாறாயின் இவ்வாண்டு இத்துறையில் இத்தனை இடங்களே உள்ளன என வெளிப்படையாக அறிவித்து, விண்ணப்பித்தோருள் ஆய்வாற்றல் மிக்கோரைத் தெரிவு செய்யலாமே! ஆளணிப் பற்றாக்குறையைத் தரம் என்னும் போர்வையால் மூடுவது கல்வி நேர்மைக்கு அடாது.

இவ்விடயத்தில் அயலவரின் அனுபவம் எச்சரிக்கையும் தருகின்றது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் இயற்றிய விதிகளின்படி எழுத்துப் பரீட்சை வெறும் தகுதித் தேர்வாகி, நேர்முகமே ஆய்வு மாணவரைத் தெரிவு செய்தது. எதிர்ப்பின் பின் 2018இல் எழுத்துப் பரீட்சைக்கு 70 வீதமும் நேர்முகத்துக்கு 30 வீதமும் என அது மாற்றப்பட்டது. பின்தங்கிய பிரதேச விண்ணப்பதாரருக்கு நெடுங்காலம் மேலதிகப் புள்ளிகள் வழங்கிவந்த புதுதில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகம், 2017இல் ஆய்வுப் படிப்புகளுக்கு அவற்றைக் கைவிட்டது. ஆய்வு மட்டத்திலும் சமூகப் பின்னணியைக் கணக்கில் எடுத்தல் இயலும் என்பதும், நேர்முகத்தை மட்டுமே நம்பின் தெரிவாளரின் விருப்பு வெறுப்புக்கு இடமுண்டு என்பதும் இங்கிருந்து நாம் பெறும் பாடங்கள். நேர்முகத்தில் நன்கு பேசுபவர் நன்கு ஆராய்பவராக இருத்தல் வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஆங்கிலம் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். ஆங்கில நூலறிவின்றி இன்று எத்துறையிலும் ஆழமான ஆய்வு கடினம். இதனை மறுப்பவர் தமிழுக்கு நன்மை செய்பவரல்லர். ஆயின் மட்டக்களப்பின் கூத்து மரபையோ மன்னாரின் வாய்மொழி வழக்காறுகளையோ ஆராயப் புகும் ஆசிரியருக்கு ஆங்கிலத்தை வாசித்து விளங்கும் ஆற்றலே இன்றியமையாதது. அதனை ஓராண்டிற் கற்பிக்கலாம். அவருக்கு இயல்பாக வாய்த்துள்ள கள அறிவையோ எந்த வகுப்பறையிலும் ஓராண்டிற் கற்பித்தல் இயலாது.

நாம் வேண்டுவன மிகையானவை அல்ல. வகுப்புச் சித்தி ஆய்வுக்குரிய வழிகளுள் ஒன்றாக நிலைக்கட்டும். ஒரே வழியாக இருத்தல் ஆகாது. பொதுப்பட்டதாரிகளுக்கும் வெளிவாரிப் பட்டதாரிகளுக்கும் ஓராண்டுத் தகுதிகாண் பாடநெறியொன்று எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒரே சீராக அமைக்கப்படல் வேண்டும். ஆய்வு முறையியல், ஆங்கில வாசிப்பு, எழுத்துப் பரீட்சை, சிறு ஆய்வுக் கட்டுரை என்பன அதில் அடங்கலாம். அதிற் சித்தியெய்துவோர் மீண்டும் வகுப்பு வினவப்படாது முதுதத்துவமாணிக்குப் பதிவுசெய்யப்படல் வேண்டும். ஆய்வு முன்மொழிவுக்கு எத்தனை புள்ளி, நேர்முகத்துக்கு எத்தனை புள்ளி என்பன விண்ணப்பம் கோரும்போதே அறிவிக்கப்படல் வேண்டும். நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் தரப்படல் வேண்டும். வருமானங் குறைந்தோருக்குக் கட்டண விலக்கு உரிமையாதல் வேண்டும், சலுகையாக அன்று.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது நூல்களையும் குறிப்புகளையும் விட்டகன்ற மாணவரின் பெறுபேற்றுச் சான்றிதழில் அவ்விடப்பெயர்வு எங்கும் பதியப்படவில்லை. அதில் வகுப்பு மட்டுமே உண்டு. அத்தலைமுறையினர் பலர் இன்று பாடசாலைகளில் மூத்த ஆசிரியர்கள். தாம் வாழ்ந்த காலத்தை ஆராயும் உரிமை எவரிலும் பார்க்க அவர்களுக்கே மிகுதியாக உண்டு. அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் மூதவைகள் இவ்விதிகளை மீள எடுத்து நோக்குமா? விரிவுரையாளர்கள் இவ்வினாவை மூதவைக்குள் எழுப்பட்டும். மாணவர்களாகிய நாம் அதனை வெளியிலிருந்து விடாது எழுப்புவோம்.