மழுங்கிய உளியும் மலிவான சுட்டியும்



"கணினிக்கு 300 வெள்ளியில் விசைப்பலகை வேண்டும் என்கிறான் மகன். 25 வெள்ளிக்கும் கடையில் கிடைக்கிறதே, என்ன செய்ய?" என்று செம்பனைத் தோட்டத்துத் தாயார் ஒருவர் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. 26 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஆக, மகன் கேட்பது ஏறக்குறைய ஐந்து நாள் கூலி.

விலை ஏன் இப்படி ஏறுகிறது? மலிவான விசைப்பலகையில் எழுத்துகளுக்கு அடியில் ரப்பர் குமிழ்கள் இருக்கும். அவை அமுங்கி எழும்பி வேலை செய்யும், நாளடைவில் தளரும். விலை கூடியதிலோ ஒவ்வோர் எழுத்துக்கும் சுருள்வில் வைத்த தனி விசை உண்டு. பல கோடித் தடவை அழுத்தினாலும் தாங்கும் என்கிறார்கள் செய்பவர்கள். ஆனால் பள்ளிப் பாடம் எழுதும் பையனுக்கு அத்தனை கோடி எதற்கு? தண்ணீர், தேநீர் கொட்டாமல் பார்த்துக்கொண்டால் ரப்பர் குமிழே சில ஆண்டுகள் உழைக்கும். பளபளவென மின்னும் வண்ண விளக்கால் ஓர் எழுத்துகூட வேகமாக விழாது.

சுட்டி, அதாவது பிள்ளைகள் சொல்லும் 'மௌஸ்', வேறு கதை. நானும் சிக்கனம் என்று 10 வெள்ளிச் சுட்டி வாங்கியவன்தான். மூன்றே மாதத்தில், ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாக விழ ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு விசையின் தகடு தேய்ந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். மகள் மேற்படிப்புக்கு மனுப் போடும் கடைசி இரவு அது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இரவல் வாங்கினோம். ஒரே ஆண்டில் அப்படி மூன்று சுட்டிகள் போயின. பிறகு 40 வெள்ளிக்கு வாங்கியது நான்கு ஆண்டுகளாக உழைக்கிறது. எது சிக்கனம், நீங்களே சொல்லுங்கள்!

பெண்ணோ பிள்ளையோ கிராணி வேலை பார்த்து, நாள் முழுதும் தட்டச்சு செய்பவரானால் கணக்கு மாறும். மழுங்கிய உளியோடு யாராவது பால்மரம் சீவப் போவார்களா? பட்டையும் காயப்படும், கையும் நோகும். பிழைப்புக்கான கருவிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஆனால் விலை கூடிய கருவி மட்டும் கை வலியைத் தீர்த்துவிடாது. மேசை உயரம் சரியாக இருக்க வேண்டும். இடையிடையே கைக்கு ஓய்வும் வேண்டும்.

கடைக்குப் போனால் சுட்டியைக் கையில் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை அதன்மேல் இயல்பாகப் படிய வேண்டும்; மணிக்கட்டு வளையக் கூடாது. விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கம்பி வைத்ததே போதும். பேட்டரிச் செலவு இல்லை. எத்தனை மாத உத்தரவாதம் என்று கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தாயாரே, மகனை வெறுமனே "முடியாது" என்று விரட்டிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஐந்து நாள் கணக்கைக் காட்டுங்கள். சாதாரண விசைப்பலகையும் நல்ல சுட்டியும் சேர்த்தே 65 வெள்ளிக்குள் முடியும். ஒரு நாள் கூலி! மிச்சத்தில் அவனுக்குப் புத்தகம் வாங்கலாம். கணக்கைக் கேட்டால் பிள்ளைக்குப் புரியும். அம்மாவின் உழைப்பும் புரியும்.