இந்தித் திணிப்பு வேறு... இந்தி பேசும் தொழிலாளி வேறு!

ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் வருஷத்துக்கு ஒருநாள் 'எத்னிக் டே' கொண்டாடுவாங்க. வேட்டி, குர்தா, கசவுச் சேலைன்னு கட்டிக்கிட்டு வந்து குரூப் போட்டோ எடுப்பாங்க. 'பன்முகத்தன்மையே நம் பலம்' என்று ஹெச்.ஆர். மெயில் வரும். நல்ல விஷயம்தான்.

ஆனா, திருப்பூர் பனியன் கம்பெனியில் தமிழும் ஒடியாவும் போஜ்புரியும் வங்காளமும் பேசுறவங்க ஒரே லைனில் உட்கார்ந்து தைக்கிறாங்களே, அங்கே யாராவது 'பன்முகத்தன்மை' என்று சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அங்கே அவங்களுக்கு நாம வெச்சிருக்கிற பேரு 'வடக்கன்'.

தோழர்களே, இதை நாம வெளிப்படையா பேசியே ஆகணும்.

1938லும் 1965லும் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற மண் இது. அந்தப் போராட்டம் டெல்லியின் அதிகாரத்தை எதிர்த்தது. பிழைக்க வந்த கூலித் தொழிலாளியை அல்ல. இன்னும் சொல்லப்போனால், பீகாரிலிருந்து வந்து நம்ம ஊரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிற பல பேருக்குத் தாய்மொழி இந்தியே கிடையாது. போஜ்புரி, மைதிலி, மகஹி. இதில் போஜ்புரிக்கும் மகஹிக்கும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இன்றுவரை இடமில்லை. மொழியை இழக்கிற வலி நமக்கு மட்டும் சொந்தமில்லை.

2023 மார்ச் ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுறாங்கன்னு போலி வீடியோக்களைப் பரப்பினாங்க. பயந்துபோய் பலர் மூட்டையைக் கட்டினாங்க. பீகார் அரசின் குழுவே நேரில் வந்து பார்த்தது. வீடியோக்கள் பொய் என்று நிரூபணமானது. பரப்பினவங்க மேல் வழக்கும் பாய்ந்தது. ஆனா அந்தப் பொய் ஏன் அவ்வளவு வேகமா எடுபட்டது? பக்கத்து மெஷின்காரன் "பயப்படாதேப்பா, நாங்க இருக்கோம்" என்று புரியிற மாதிரி சொல்ல முடியாத இடத்தில் வதந்திதான் ஜெயிக்கும்.

"அவங்க வந்து நம்ம வேலையைப் பறிக்கிறாங்களே?" என்று நம்ம ஆளுங்களே கேட்கிறாங்க. நியாயமான பயம். ஆனா கொஞ்சம் யோசிங்க. குறைந்த கூலிக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாம, பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குறது யாரு? காண்ட்ராக்டரும் முதலாளியும்தான். அந்தத் தொழிலாளிக்கும் உங்களுக்கும் ஒரே கூலி கொடுத்தே ஆகணும்னு ஆகிவிட்டால், உங்களைக் கழித்துவிட்டு அவரை வைப்பதில் முதலாளிக்கு என்ன லாபம்? அவர் உரிமையைக் காப்பாற்றினால்தான் உங்க வேலை நிலைக்கும்.

1960களின் கடைசியில் பம்பாயில் தென்னிந்தியர்களின் ஹோட்டல்களை அடித்து நொறுக்கியவங்க சொன்னதும் இதேதான்: "மதராஸி எங்க வேலையைப் பறிக்கிறான்." இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்களின் குடியுரிமையை 1948இல் ஒரே சட்டத்தில் பறித்தாங்க. சிங்கப்பூரில் தீபாவளிக்கும் மலேசியாவின் பல மாநிலங்களில் தைப்பூசத்துக்கும் அரசு விடுமுறை என்றால் நாம பெருமைப்படுறோம். நம் ஊரில் ஒரு பீகார் பெண் சத் பூஜைக்கு ஒருநாள் லீவு கேட்டால் மட்டும் ஏன் சிரிக்கணும்?

ஆகவே நாம் வலியுறுத்துவது:

🔴 பண்டிகை விடுமுறை: தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி 4 தேசிய விடுமுறைகளோடு 5 பண்டிகை விடுமுறைகளும் உண்டு. எந்தப் பண்டிகைகள் என்பதைத் தொழிலாளர்களையும் கலந்து பேசித்தான் முடிவு செய்யணும். அந்தப் பேச்சில் வெளிமாநிலத் தொழிலாளரும் உட்காரணும்.

🔴 பாதுகாப்பு அறிவிப்பு: 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் அறிவிப்புப் பலகை வைக்கச் சொன்னது. அந்தப் பெரும்பான்மையில் இல்லாதவர் கை மெஷினில் மாட்டினால் பரவாயில்லையா? லைனில் எத்தனை மொழி இருக்கோ, அத்தனை மொழியிலும் பலகையும் பயிற்சியும் வேணும். தமிழ் முதலில். மற்றவை கூடவே.

🔴 கூலி: சம வேலைக்குச் சம கூலி. காண்ட்ராக்ட் என்றாலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டாயம்.

🔴 சங்கம்: நம் தொழிற்சங்கத் தோழர்கள் முதலில் அவங்க தங்கியிருக்கிற ஷெட்டுக்குப் போங்க. உறுப்பினர் படிவத்தை ஒடியாவிலும் இந்தியிலும் அச்சடிங்க. கூட்டத்தில் மொழிபெயர்க்க ஒருத்தரை வையுங்க.

தமிழ் கற்றுக்கொள்ள ஆசைப்படுற தொழிலாளிக்கு மாலை வகுப்பு நடத்துவோம். அவர் பிள்ளையை நம்ம அரசுப் பள்ளியில் சேர்ப்போம். நம்ம மொழி வளர்வதும் அப்படித்தான்.

திணிப்பை எதிர்ப்போம்! உழைப்பவரை அணைப்போம்!

#யாதும்ஊரே #சமவேலைக்குச்சமகூலி