காசு வேண்டாம், கவனம் போதும்!

சமையல் அறை சிறியது. அலமாரி வாங்கப் பணம் இல்லை. எப்படி ஒழுங்குபடுத்துவது? தாய்மார்கள் பலருக்கு இந்தக் கவலை.

கவலை வேண்டாம். தினமும் எடுக்கும் சாமான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பண்டிகைக்கு எடுக்கும் பாத்திரம் பரணுக்குப் போகட்டும். காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, வெயிலில் காய வைத்தால் பருப்பு போட்டு வைக்கலாம். துண்டுத் தாளில் பெயர் எழுதி ஒட்டுங்கள். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு அதுவே பாடம்!

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. மண்எண்ணெய், பினாயில், ஆசிட் ஆகியவற்றைக் கலர் குடித்த காலி பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பெயர் எழுதி ஒட்டினாலும் பயன் இல்லை. இரண்டு வயதுக் குழந்தைக்குப் படிக்கத் தெரியாது. பாட்டிலைப் பார்த்தால் கலர் என்றுதான் நினைக்கும்; எடுத்துக் குடித்துவிடும்.

அப்படிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆசிட் தொண்டையை மறுபடியும் பொசுக்கும். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். குடித்த பாட்டிலையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

முதல் வேலையாக அந்தப் பாட்டில்களைச் சமையல் அறையை விட்டு வெளியேற்றி, பூட்டி வையுங்கள். பருப்பு டப்பாவைப் பிறகு அடுக்கலாம்!