கற்றது கணக்கில் வராதா?

அறிவு எந்த வாயிலால் வந்தது என்று விசாரித்த பின்னரே அதனை அறிவென ஒப்புக்கொள்வது எமது உயர்கல்வி நிலையங்களின் வழக்கமாகிவிட்டது. தொழில்நுட்பக் கல்லூரியில் ஆண்டுக்கணக்காக மின்னியல் பயின்ற இளைஞன் பல்கலைக்கழக வாயிலை அணுகினால், அவன் ஏதும் அறியாதவனாகவே கணிக்கப்படுகின்றான். கட்டிட வேலைத்தளத்திற் பத்தாண்டு நின்று, வரைபடம் வாசிக்கவும் அளவு கணிக்கவும் கற்றுக்கொண்ட மேசனின் அனுபவம் ஏட்டில் ஏறுவதில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் ஈராண்டு படித்து, வறுமையாலோ நோயாலோ இடையில் விலகிய ஒருவர் மற்றொன்றிற் சேரும்பொழுது, முதற் பாடத்திலிருந்து மீண்டும் தொடங்குமாறு பணிக்கப்படுவதை நாம் கண்டிருக்கின்றோம். முன்னர்க் கற்றதைக் கணக்கிற் கொள்ளுங்கள் என்று கேட்பதைச் சலுகை கோருதல் எனச் சிலர் இகழ்கின்றனர். செய்த வேலைக்குக் கூலி கேட்பது எப்பொழுது சலுகையாயிற்று?

இவ்வாறு இகழ்வோர் எமது கல்வி வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நலம். 1857 இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் யாவர்? வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையுமே. அச்செமினரியோ 1855 இல் மூடப்பட்டுவிட்டது. மூடுண்ட கல்லூரியொன்றிற் கடலுக்கு இப்பாற் பெற்ற கல்வி, கடலுக்கு அப்பால் அன்றுதான் பிறந்த பல்கலைக்கழகமொன்றிற் செல்லுபடியாயிற்று. 1921 இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தானே பட்டம் வழங்கியதில்லை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் தோன்றும்வரை, எமது மாணவர் இங்கே கற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றியே பட்டதாரிகளாயினர். இந்நாட்டின் உயர்கல்வி முழுவதுமே, ஓரிடத்துக் கல்வியை மற்றோரிடம் மதித்து ஏற்றதால் வளர்ந்தது என்றால் அது மிகையாகாது.

சுவாமி விபுலாநந்தரின் வரலாறு இதனினும் தெளிவானது. அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிற் சித்தியெய்தியவர். ஆசிரியராய்ப் பணிபுரிந்த காலத்தில், 1920 இல், இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றவர். தமிழில் அவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இருந்ததில்லை. எனினும், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்து அமர்த்தின. இன்று அதே தகைமைகளுடன் ஒருவர் தமிழ்த் துறையில் உதவி விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்தால், அவ்விண்ணப்பம் நேர்முகப் பரீட்சை வரையிலேனும் செல்லுமா? தமிழ்ப் பட்டதாரிகளாகிய நாம் இக்கேள்வியை எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள்.

இனி, இன்றைய நிலைமைக்கு வருவோம். ஏட்டளவில் எமது நாடு பின்தங்கிவிடவில்லை. தேசிய தொழிற்றகைமை என்னும் ஏணிக்கு ஏழு படிகள் உண்டு. பயிற்சி நிலையத்தின் வாசலையே மிதியாத தொழிலாளியும், தன் கைத்திறனை மதிப்பீட்டாளர் முன்னிலையிற் செய்து காட்டிச் சான்றிதழ் பெறுதற்கு அதில் வழி வகுக்கப்பட்டுள்ளது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது இதுவே. 2012 இல் வகுக்கப்பட்டு 2015 இல் திருத்தப்பெற்ற இலங்கைத் தகைமைகள் சட்டகம், தொழிற்கல்வியையும் பல்கலைக்கழகக் கல்வியையும் ஒரே ஏணியிற் பன்னிரண்டு படிகளாக நிரைப்படுத்துகின்றது. அதன் கணக்கில் ஐம்பது மணிநேரக் கற்றல் ஒரு கிரெடிட் ஆகும். பொதுப் பட்டத்துக்குத் தொண்ணூறு கிரெடிட்டும் சிறப்புப் பட்டத்துக்கு நூற்றிருபதும் வேண்டும். தேசிய தொழிற்றகைமையின் நாலாம் படி, க.பொ.த. உயர்தரத்தோடு ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றது.

தாளில் ஒரே தட்டு. வாயிலில் வேறு தட்டு! அரச பல்கலைக்கழகங்களுக்கான வழமையான அனுமதி, உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. அப்பரீட்சையில் தகுதி பெறுவோருள்ளும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கே இடம் கிடைக்கின்றது. எஞ்சியோர் எங்கே செல்வர்? தொழிற்கல்வி கற்றோருக்கென 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. 1980 இல் தோன்றிய திறந்த பல்கலைக்கழகம், உயர்தரம் சித்தியடையாதவருக்கும் அடிப்படைப் பாடநெறி மூலம் கதவைத் திறந்து வைத்தது. இவை போற்றத்தக்கனவே. ஆயினும், பெருவாயிலைப் பூட்டிவிட்டுப் பக்கத்தில் இரண்டு சாளரங்களைத் திறந்து வைப்பது சமத்துவமாகுமா?

பணம் படைத்தோருக்கு இப்பூட்டு ஒரு பொருட்டன்று. கொழும்பிலுள்ள தனியார் நிறுவனங்களில் ஈராண்டு டிப்ளோமாப் படித்தவர், அதற்குரிய கிரெடிட்டுகளைக் கொண்டு பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றின் இறுதியாண்டில் நேரே சேர்ந்து பட்டதாரியாகி விடுகின்றார். அங்கே தரம் தாழ்ந்துவிடும் என்று ஓலமிடுவாரைக் காணோம். அதே கோட்பாட்டை ஹற்றனிலும் கிளிநொச்சியிலும் உள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்கும் ஏற்புடையதாக்குங்கள் என்றதும், தரத்தின் காவலர்கள் துள்ளியெழுகின்றனர். கட்டணம் செலுத்தினால் நகரும் கிரெடிட், கட்டணம் செலுத்த இயலாதவனிடம் அசையாது நிற்பதேன்? இதில் அடங்கியிருப்பது வர்க்கப் பிரச்சினையே என்பதை மறைத்துப் பயனில்லை.

தரம் பற்றிய வாதத்தையும் ஆராய்வோம். எவரையும் சோதியாது உள்ளே விடுங்கள் என்று நாம் கூறவில்லை. கடுமையாகச் சோதியுங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள், வாய்மொழியாகக் கேளுங்கள், எழுத வையுங்கள். பயின்ற வகுப்பறை எதுவென்பதை மட்டும் பொருட்படுத்தாதீர்கள். மூன்று மணி நேரத்தில் மனப்பாடத்தைக் கொட்டித் தீர்ப்பதைத் தரமென ஏற்கும் ஒருவர், மூன்று நாள் வேலையைக் கண்முன் செய்து காட்டுவதைத் தரமன்று என மறுப்பது எந்த நியாயம்? வேலைத்தளத்திற் கற்றவனிடம் கோட்பாட்டறிவு குறைந்திருக்கலாம். அக்குறையை நிரப்பும் பாடங்களை அவனுக்குக் கற்பிப்பதே பல்கலைக்கழகத்தின் கடமை. அவன் அறிந்தவற்றையும் சேர்த்து மறுப்பது கடமையாகாது.

இவ்வுரிமை பிற நாடுகளில் எவ்வாறு வந்தது? தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலத்திற் கறுப்பினத் தொழிலாளர் நுட்ப வேலைகளைச் செய்தனர். சான்றிதழும் அதற்கேற்ற ஊதியமும் அவர்களுக்கு எட்டவில்லை. உலோகத் தொழிலாளர் சங்கம் முதலியவை 1990களின் தொடக்கத்தில் முன்கற்றலுக்கு அங்கீகாரம் கேட்டுக் குரலெழுப்பின. 1995 இல் தகைமைகள் அதிகாரசபைச் சட்டம் பிறந்தது. அதன் பின்னரும் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் எளிதில் இறங்கி வரவில்லை. பிரான்சு நாடு 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தால், தொழில் அனுபவத்தைக் கொண்டே ஒரு முழுப் பட்டத்தையும் பெறும் உரிமையைத் தன் மக்களுக்கு வழங்கியது. சட்டம் இயற்றுவது பாதி வேலை என்பதையும், மீதிப் பாதி நிறுவனங்களின் வாயிலிற் போராடிப் பெறவேண்டியது என்பதையும் தென்னாபிரிக்க அனுபவம் எமக்கு உணர்த்துகின்றது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அனுபவத்துக்குப் பட்டம் என்று விளம்பரம் செய்து, சோதனை எதுவுமின்றித் தாளை விற்கும் வியாபாரிகள் உலகெங்கும் உளர். அவர்களுடைய சரக்கு தொழிலாளியின் அறிவை மேலும் மலினப்படுத்துவதே. கற்றலை மணிக்கணக்கில் அளந்து பண்டமாக்கும் சந்தைப் போக்கையும் நாம் ஐயத்துடனேயே நோக்குகின்றோம். ஆனால், அளவுகோல் கையாளப்படும் நாட்டில் அதனைச் செல்வர் கையில் மட்டும் விட்டுவைக்க முடியாது.

எமது கோரிக்கைகள் சிலவே. ஒவ்வோர் அரச பல்கலைக்கழகமும் தொழிற்றகைமை பெற்றோருக்கெனக் குறித்த தொகை இடங்களை ஒதுக்க வேண்டும். பிறிதோரிடத்திற் சித்தியெய்திய பாடங்களை எவ்விதியின்படி ஏற்கும், எவ்விதியின்படி மறுக்கும் என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். மேன்முறையீட்டுக்கு இடமளிக்க வேண்டும். முன்கற்றலுக்கான மதிப்பீடு மலையகத்திலும் வடக்கிலும் கிழக்கிலும், தமிழில், கட்டணமின்றி நடைபெற வேண்டும்.

ஆண்டுதோறும் உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில், ஆசிரியராகிய நாம் மாணவரின் முகங்களைப் பார்க்கின்றோம். தசமப் புள்ளியொன்றாற் பின்தள்ளப்பட்டவனிடம், வேறு வழியாகப் படித்து முன்னேறு என்று ஆறுதல் கூறி அனுப்புகின்றோம். அவன் அவ்வாறே படித்து, உழைத்து, திறமை பெற்றுத் திரும்பி வரும் நாளிலும் வாயில் பூட்டியிருக்குமாயின், நாம் கூறிய ஆறுதல் பொய்யாகிவிடும். ஆசிரிய சங்கங்களும் மாணவர் ஒன்றியங்களும் தத்தம் தீர்மானங்களில் இக்கோரிக்கைகளைச் சேர்த்துக்கொள்ள முன்வருவார்களாக!