பட்டியலில் இல்லாத சர்க்கரை

மட்டாஞ்சேரியில் சர்க்கரை நோய் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் வேலை என்று சொன்னால், ஊரில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அப்ப நீங்க டாக்டரா?" இல்லைங்க. நான் நிர்வாகம். எந்த வீட்டுக்கு எந்தக் காலையில் ஆள் போகணும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கா, ட்யூபில் ஒட்டின எண்ணும் படிவத்தில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா, ஐஸ் பெட்டி நேரத்துக்கு லேபுக்குப் போய்ச் சேர்ந்ததா... இதுதான் பிழைப்பு. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் பேப்பரில் வருகிற "இத்தனை சதவீதம் பேருக்குச் சர்க்கரை" என்ற எண் பிறப்பது இங்கேதான். அந்த எண்ணில் நம்மைப்போல் பிழைக்க வந்த குடும்பங்கள் சுலபமாக விடுபட்டுப் போகும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் கொஞ்சம் கணக்கு. எர்ணாகுளம் மாவட்டத்தில் அம்ருதா மருத்துவமனைக்காரர்கள் சுமார் 3000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு 2006-ல் வெளிவந்தது. 19.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தப் பரிசோதனை வரைக்கும் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. பிறகு ஐசிஎம்ஆர்-இன்டியாப் என்ற தேசிய ஆய்வு. 2008-லிருந்து 2020 வரை நாடு முழுக்க 1,13,043 பேர். 2023-ல் முடிவு வந்தபோது இந்தியாவுக்கு 11.4, தமிழ்நாட்டுக்கு 14.4, கேரளாவுக்கு 25.5 சதவீதம். நாம் வந்து இறங்கியிருப்பது சர்க்கரை மேசையின் நடுவில் :-)

சரி, இந்த எண் எப்படி வருகிறது? வெறும் வயிற்றில் ரத்தம். குறைந்தது எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது. பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200, இவை எல்லைக்கோடுகள். எடுத்த ரத்தத்தைச் சாதாரண ட்யூபில் அறைச் சூட்டில் விட்டால், அதில் இருக்கும் அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரையைத் தின்றுவிடும். 130 இருந்தவர் இரண்டு மணி நேரத்தில் 115 பக்கம் வந்துவிடுவார். நோயாளி நோயில்லாதவர் ஆகிவிடுவார்! அதற்காகத்தான் ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடி ட்யூப். அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுசாகத் தடுக்காது, அதனால் ஐஸ். ஆகவே நாங்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று பறப்பது வீண் அலட்டல் இல்லை.

இதில் "ஒண்ணும் சாப்பிடலை, ஒரு கட்டன் மட்டும்" என்பார்கள். அந்தக் கட்டன் சாயாவில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை இருக்கும். அன்றைக்கு ரத்தம் எடுக்க முடியாது. இன்னொரு நாள் போகவேண்டியதுதான்.

ட்யூபும் ஐஸும் காசு கொடுத்தால் கிடைக்கும். ஆனால் யார் கதவைத் தட்டுவது என்பது அதற்கும் முன்னால் தீர்மானமாகிவிடுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் கேரள நீரிழிவு தடுப்புத் திட்டம் என்று ஒன்று நடந்தது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகள், 1007 பேர், இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். அக்கம்பக்கத்தாரே குழுவாகக் கூடி, சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொள்ளும் முறை. 2018-ல் வந்த முடிவில், குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும் இல்லாதவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும் சர்க்கரை வந்திருந்தது. வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவு இல்லை என்று அவர்களே நேர்மையாக எழுதினார்கள். நல்ல வேலை, மரியாதைக்குரிய வேலை. ஆனால் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது வாக்காளர் பட்டியலிலிருந்து.

இந்த முறையை மட்டாஞ்சேரியில் வைத்துப் பாருங்கள். வெளியில் தோபி கானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே இருப்பவர்கள், ஓட்டு இங்கேதான். ஆனால் போன வருடம் தென்காசியிலிருந்து வந்து பஜார் ரோடு பக்கம் சுமை தூக்குகிறவருக்கு? வாடகை அறையில் நான்கு பேராக இருக்கும் கட்டட வேலைக்காரருக்கு? ஏன், லேப்டாப்போடு வந்த நமக்கு? பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கும், ஆள் இங்கே இருப்போம். அங்கே தட்டினால் கதவு பூட்டு. இங்கே தட்டவே மாட்டார்கள்.

"விருப்பப்பட்டு வருகிறவர்களைச் சேர்த்தால் மாதிரி கெட்டுவிடும்" என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஏற்கெனவே சந்தேகம் இருப்பவர்கள்தான் ஓடி வருவார்கள், சதவீதம் ஏறிவிடும். "இரண்டு வருடம் பின்தொடர நிலையாக இருக்கும் ஆள் வேண்டும்" என்பதும் நியாயம். ஆனால் அப்படியென்றால் வருகிற முடிவும் நிலையாக இருப்பவர்களைப் பற்றியது என்று சொல்லவேண்டும். இன்டியாப் வீடு வீடாகப் போய் ஆளைத் தேர்ந்தெடுத்தது. அந்த வழியில் வாடகை அறையையும் வீடாக எண்ணினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

திட்டம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது மூன்று. ஒன்று, ஒப்புதல் படிவம் தமிழிலும் வேண்டும். மலையாளம் சரளமாகப் பேசுகிற நம் ஆட்களில் பலருக்கு அதைப் படிக்க வராது. படிக்காமல் போடுகிற கையெழுத்து ஒப்புதல் ஆகாது. இரண்டு, காலை நேரத்தோடு கூலிக்காரரின் அரைநாள் சம்பளமும் போகிறது. போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் கொடுக்கலாம் என்று ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறையே சொல்கிறது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். மூன்று, ரிசல்ட் அவர் கைக்குப் போகவேண்டும், அவருக்குப் புரியும் மொழியில். ரத்தம் கொடுத்தவருக்கு அவருடைய எண் தெரியாமல் போனால், நாம் செய்தது எடுத்துக்கொண்டது மட்டும்தான்.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையோடு ஆள் வந்தால், "வீட்ல அவர் இல்ல" என்று கதவைச் சாத்தாதீர்கள். எந்த நிறுவனம், ரத்தம் எதற்கு, மிச்சத்தை வைத்திருப்பார்களா, ரிசல்ட் எப்போது என்று நாலு கேள்வி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, நடுவில் வேண்டாம் என்று விலகுவதும் உரிமை. பதில் திருப்தி என்றால் உட்காருங்கள். குறிப்பாக ஆண்கள்! காலையில் வேலைக்கு ஓடுவதால் பல வீடுகளில் நாங்கள் பார்ப்பது அக்காமார்களை மட்டும்தான்.

யாரும் வராவிட்டாலும் முப்பது தாண்டியவர்கள் பக்கத்து அரசு ஆரோக்கிய நிலையத்துக்கு ஒரு தடவை போய்ச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு போன் போடும்போது "அங்க மழையா?" என்று கேட்கிறோமே, அதோடு "அப்பா, சுகர் எப்பப் பார்த்தீங்க?" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.